‘முடிவுகள் இல்லை’ என்பதன் நான்கு பொருள்கள்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதியில் வாழைச்சேனையையும் ஓட்டமாவடியையும் கடந்து வடக்கே சென்றால், காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று கேணியில் முடியும் ஊர்கள் வரும். மாங்கேணி, கோறளைப்பற்று வடக்கு வாகரைப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் காடும் கொண்ட கரையோரம் அது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை தாக்கிய கரையும் அதுதான். 2006 முதல் 2007 வரை வாகரைப் பகுதி மக்களைப் போர் மொத்தமாக இடம்பெயர வைத்தது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பாடசாலைப் பதிவேடு, கோயில் கணக்கு என்று அலையிலும் இடப்பெயர்விலும் தாள்களைத் தொலைத்த குடும்பங்கள் அங்கே ஏராளம்.

அந்த ஊரைப் பற்றி எழுத விரும்பும் மாணவி ஒருத்தி, பல நூலகங்களின் பதிவுகளை ஒன்றுசேர்த்துக் காட்டும் தேடுதளம் ஒன்றில் ‘மாங்கேணி’ என்று தட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ‘முடிவுகள் இல்லை’ என்று திரை சொல்கிறது. இந்த இரண்டு சொற்களுக்கு நான்கு பொருள்கள் இருக்க முடியும். மாங்கேணி பற்றி யாரும் எதுவும் எழுதிச் சேர்க்காமல் இருக்கலாம். எழுதியது இருந்தும் அதன் விவரக்குறிப்பு தேடுதளத்துக்கு வரும் வழியில் அறுந்து போயிருக்கலாம். வந்து சேர்ந்தும் வேறு எழுத்துருவிலோ வேறு எழுத்துக்கூட்டலிலோ கிடக்கலாம். அல்லது, இருந்த ஒன்றை உரியவர்கள் திரும்பப் பெற்றிருக்கலாம். நான்கும் வெவ்வேறு செய்திகள். நான்கையும் ஒரே வெற்றுத் திரையாக்கி விடுவது, பின்னணியில் ஓடும் ஒரு சிறு நிரல் பிழைகளைக் கையாளும் விதம்.

அறுவடைக்கு ஓர் ஒப்பந்தம்

நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, பொருள், இடம் போன்ற விவரங்களை மீதரவு என்கிறோம். ஒரு நூலகத்தின் மீதரவை இன்னொரு கணினி தானாக வந்து அள்ளிச் செல்வதற்கு உலகெங்கும் புழங்கும் நெறிமுறை ஓஏஐ-பிஎம்ஹெச். 1999 ஒக்டோபரில் அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் கூடியவர்களின் பேச்சில் அது கருக்கொண்டது. முதற் பதிப்பு 2001 ஜனவரியிலும், இன்றும் நடைமுறையிலுள்ள 2.0 பதிப்பு 2002 ஜூனிலும் வெளிவந்தன. அதன் பெயரிலேயே ‘அறுவடை’ என்ற சொல் இருக்கிறது.

நெறிமுறை மிக எளியது. கேட்பவர் கேட்கக்கூடியவை ஆறே ஆறு: நீ யார், என்னென்ன வடிவங்களில் தருவாய், என்னென்ன தொகுப்புகள் வைத்திருக்கிறாய், அடையாள எண்களைப் பட்டியலிடு, பதிவுகளைப் பட்டியலிடு, இந்த ஒரு பதிவை மட்டும் கொடு. பதில் எப்போதும் எக்ஸ்எம்எல் வடிவில், யூனிகோடின் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் வரும். எந்தக் களஞ்சியமும் குறைந்தபட்சம் டப்ளின் கோர் எனப்படும் 15 புலங்களிலாவது தன் பதிவுகளைத் தந்தாக வேண்டும். அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்து டப்ளினில் 1995இல் நடந்த பட்டறை ஒன்றிலிருந்து வந்த பெயர் அது.

எம்ஐடி நூலகமும் ஹியூலட் பக்கார்ட் நிறுவனமும் 2002இல் வெளியிட்ட டிஸ்பேஸ் மென்பொருளில் இந்த அறுவடை வாசல் உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் களஞ்சியம் டிஸ்பேஸில்தான் ஓடுகிறது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் உட்பட இந்தியாவின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் திரட்டும் சோத்கங்காவும் அப்படியே. 2005இல் தொடங்கி ஈழத்துத் தமிழ் ஆவணங்களை ஒரு இலட்சத்துக்கு மேல் மின்னுருவாக்கியிருக்கும் நூலக நிறுவனத்தின் பல்லூடகத் தளமான ‘ஆவணகம்’, இஸ்லாண்டோரா என்ற திறந்த மூல மென்பொருளில் அமைந்தது. அறுவடை வாசல் அந்த மென்பொருளுக்கும் உண்டு.

வாசலில் போய் நின்று கேட்க ஒரு கருவி வேண்டும். பைத்தன் மொழியில் எழுதுவோர் பலர் எடுப்பது ‘சிக்கிள்’ என்ற லைப்ரரியை. மட்டக்களப்பு வயற்காரர் வெள்ளாமை வெட்டத் தாக்கத்தி என்று எதைச் சொல்வார்களோ, அதற்கான ஆங்கிலச் சொல்தான் அந்தப் பெயர். நான்கைந்து வரிகளில் ஓர் அறுவடை நிரலை அதைக்கொண்டு எழுதிவிடலாம். எளிமை அதன் பெரும் பலம். அறுக்கும்போது எது கதிர், எது பதர், எது அறுபடாமல் விட்ட வரம்போரம் என்று பார்ப்பது மட்டும் நிரல் எழுதுபவரின் பொறுப்பாகவே இருக்கிறது.

200 என்று சொல்லிக்கொண்டு வரும் பிழை

இணையத்தில் எந்தப் பதிலும் ஓர் எண்ணுடன் வரும். 200 என்றால் எல்லாம் சரி, 404 என்றால் பக்கம் இல்லை, 503 என்றால் இப்போது முடியாது, பிறகு வா. பழகிய நிரலாளர் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். மீதரவு அறுவடையில் பலர் தடுக்கி விழும் முதல் இடமும் இதுவே. நெறிமுறை சார்ந்த பிழைகள் 200 என்ற எண்ணுடனேயே வந்துவிடும். கடித உறையில் எந்தக் குறையும் தெரியாது. உள்ளே எக்ஸ்எம்எல்லில் ‘எரர்’ என்ற உறுப்பும் அதில் ஒரு குறியும் இருக்கும். உறையை மட்டும் பார்த்துத் திருப்தியடையும் நிரல், ‘பதில் கிடைத்தது, பதிவு எதுவுமில்லை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும்.

நெறிமுறை வகுத்த பிழைக்குறிகள் எட்டு. கேட்ட முறை தவறு, வினை தவறு, தொடர்ச்சீட்டு செல்லாது, அந்த வடிவத்தில் தர இயலாது, அந்த அடையாள எண் இங்கில்லை, பொருந்தும் பதிவு இல்லை, இதற்கு மீதரவு வடிவமே இல்லை, தொகுப்பு முறை இங்கே கிடையாது. சிக்கிள் போன்ற லைப்ரரி உறைக்குள்ளும் பார்த்து, குறிக்கேற்ற பெயருடைய பிழையை எழுப்பித் தருகிறது. இதனால் நிரலாளர் ஒவ்வொரு குறிக்கும் தனித்தனியே முடிவெடுக்கலாம்.

அப்படி முடிவெடுத்தாக வேண்டும், ஏனெனில் எட்டும் ஒரே தரத்தவை அல்ல. ‘பொருந்தும் பதிவு இல்லை’ என்பதைப் பாருங்கள். நேற்றிலிருந்து புதிதாக என்ன சேர்ந்தது என்று தினமும் கேட்கும் நிரலுக்கு, எதுவும் சேராத நாளில் வரும் இயல்பான பதில் அது. நெறிமுறை அதைப் பிழைப் பட்டியலில் வைத்திருப்பதால் லைப்ரரியும் அதைப் பிழையாக எழுப்புகிறது. சிறிய களஞ்சியத்தில் இந்தப் ‘பிழை’ அடிக்கடி வரும். ஒவ்வொரு முறையும் நிரல் இடையில் நின்று எச்சரிக்கை அனுப்பினால், பார்ப்பவர் ஒரு மாதத்தில் சலித்துப் போவார். பிறகு அவர் செய்வது பைத்தன் தெரிந்த எல்லோருக்கும் பழக்கமானது. எந்தப் பிழை வந்தாலும் பிடி, எதுவும் செய்யாமல் கடந்து போ என்று இரண்டு வரி சேர்ப்பார்: ‘எக்செப்ட்’, அடுத்த வரியில் ‘பாஸ்’.

அந்த இரண்டு வரிகளோடு அறுவடை குருடாகிறது. களஞ்சியம் ஒன்று திகதியை நாள் அளவில் மட்டும் ஏற்கும் என்று கொள்வோம். மணி, நிமிடம், வினாடி வரை எழுதி அனுப்பும் நிரலுக்கு அது ‘கேட்ட முறை தவறு’ என்று பதில் சொல்லும். அமைதியான நாளில் வரும் ‘பதிவு இல்லை’யை விழுங்கப் பழகிய நிரல் இதையும் விழுங்கும். மாதக்கணக்கில் எதுவும் வராது. பதிவேட்டில் ஒரு சிவப்பு வரி கூட இருக்காது. மாங்கேணி பற்றிய கட்டுரையொன்று அந்த மாதங்களில் களஞ்சியத்தில் ஏறியிருந்தால், தேடுதளத்துக்கு அது பிறக்கவே இல்லை.

தீர்வு எளிது. ‘பொருந்தும் பதிவு இல்லை’யை மட்டும் பெயர் சொல்லிப் பிடித்து, ‘இன்று புதியது 0’ என்று எழுத வேண்டும். கேட்ட முறையோ வினையோ தவறென்றால் நிரலை நிறுத்த வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்டாலும் பதில் மாறாது, தவறு கேட்டவருடையது. வடிவம் கிடையாது என்றால் எல்லோரிடமும் கட்டாயம் உள்ள டப்ளின் கோருக்கு இறங்கிக் கேட்கலாம், இறங்கியதைக் குறித்தும் வைக்கலாம்.

நூறு நூறாக வரும் கட்டு

பெரிய பட்டியலை எந்தக் களஞ்சியமும் ஒரே மூச்சில் தருவதில்லை. டிஸ்பேஸ் இயல்பு அமைப்பில் ஒரு தடவைக்கு 100 பதிவுகள் தரும். கட்டின் கடைசியில் ‘ரிசம்ப்ஷன் டோக்கன்’ என்ற தொடர்ச்சீட்டு ஒன்று இருக்கும். அதைத் திருப்பிக் காட்டினால் அடுத்த 100. டிஸ்பேஸின் சீட்டைக் கிட்டே வைத்துப் பார்த்தால் மர்மம் ஒன்றுமில்லை: வடிவத்தின் பெயர், பிறகு நான்கு சாய்கோடுகள், பிறகு 100 என்ற எண். சாய்கோடுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடங்கள் தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, தொகுப்பு ஆகியவற்றுக்கு உரியவை. எண்ணின் பொருள் ‘100ஐத் தாண்டிய இடத்திலிருந்து கொடு’ என்பது. கடைசிக் கட்டில் சீட்டு வெறுமையாக இருக்கும், முடிந்தது என்பதற்கு அதுவே அடையாளம்.

சில களஞ்சியங்கள் சீட்டுக்குக் காலக்கெடு வைக்கும். கெடு தாண்டிப் போனால் ‘தொடர்ச்சீட்டு செல்லாது’ என்ற குறி வரும். 1,240 பதிவுகள் உள்ள களஞ்சியம் என்றால் மொத்தம் 13 கட்டுகள். ஏழாவது கட்டுக்குப் போகும்போது சீட்டு செல்லாமல் போனால் கையில் இருப்பது 600, வராதது 640. இந்தக் குறிக்கு மறுமுயற்சி பயன்படாது. செல்லாத சீட்டை எத்தனை தரம் நீட்டினாலும் செல்லாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும், அல்லது காலத்தை மாதம் மாதமாகத் துண்டு போட்டுக் கேட்க வேண்டும். துண்டு போட்டுக் கேட்பது, இணைப்பு அடிக்கடி அறுபடும் இடங்களுக்கு மிகவும் ஏற்றது. ஒரு துண்டு கெட்டால் அந்த மாதம் மட்டும்தான் போகும்.

இதைவிடக் கொடியது சத்தமே போடாத ஓர் இழப்பு. எக்ஸ்எம்எல் கண்டிப்பான வடிவம். பிடிஎஃப் கோப்பிலிருந்து பொழிப்பை வெட்டி ஒட்டும்போது கூடவே வந்துவிடும் கண்ணுக்குத் தெரியாத பக்க மாற்றக் குறி ஒன்று போதும், முழுக் கட்டும் செல்லாததாகிவிடும். ஒருவர் ஒட்டிய ஒரு குறிக்காக மற்ற 99 பேரின் பதிவுகளையும் எறிவதா? எறியக் கூடாது என்பதற்காகச் சிக்கிள், உடைந்த எக்ஸ்எம்எல்லையும் முடிந்தவரை தேற்றிப் படிக்கும் அமைப்பைக் கையாள்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் பதில் பாதி வழியில் அறுந்து வந்தாலும் அதே கருணை காட்டப்படும். அறுந்த கட்டில் முதலில் காணாமற் போவது கடைசியில் இருப்பது, அதாவது தொடர்ச்சீட்டு. சீட்டு இல்லையென்றால் பட்டியல் முடிந்தது என்று நிரல் நினைத்துக்கொள்ளும். ஏழாவது கட்டு 40 பதிவோடு அறுந்தால், 640 பதிவுகளுடன் ‘அறுவடை வெற்றி’ என்று எழுதப்படும்.

இதற்கு மருந்து எண்ணிப் பார்ப்பது. பல களஞ்சியங்கள் சீட்டிலேயே மொத்தப் பட்டியலின் அளவைச் சொல்லும். அது மதிப்பீடாக இருக்கவும் நெறிமுறை இடம் கொடுக்கிறது, சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனாலும் 1,240 என்று சொன்ன இடத்திலிருந்து 640 மட்டும் வந்தால் சந்தேகப்பட அது போதும். சிக்கிள் மூலப் பதிலையும் அப்படியே தருகிறது. அதை வட்டில் சேமித்து, இறுதி மூடுகுறி இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த கட்டுக்குப் போவது சில வரி வேலை.

மின்வெட்டு நாளும் நண்பகல் மணியும்

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடந்தது. அப்படியொரு நாளில் களஞ்சியத்தை இயக்கும் வழங்கி மீண்டெழும்போது 503 என்ற எண்ணுடன், எத்தனை வினாடி கழித்து வரலாம் என்ற குறிப்பையும் சேர்த்து அனுப்ப முடியும். காத்திருந்து கேட்பது அறுவடை நிரலின் நாகரிகம். சிக்கிளில் அதற்கான ஏற்பாடு உண்டு. எவ்வளவு நேரம் என்று வழங்கி சொல்லாவிட்டால் 60 வினாடி பொறுக்கும். ஆனால் மறுமுயற்சிகளின் எண்ணிக்கை இயல்பு அமைப்பில் 0. அதை மாற்றாமல் விட்டால் முதல் 503இலேயே நிரல் கைவிட்டுவிடும். மறுமுயற்சிப் பட்டியலிலும் தொடக்கத்தில் 503 மட்டுமே இருக்கிறது. இடைவழங்கிகள் எழுப்பும் 502, 504 ஆகியவற்றை நிரலாளர் தாமாகச் சேர்க்க வேண்டும். தடையற்ற மின்சாரத்தை எதிர்பார்த்து எழுதிய இயல்பு அமைப்பை வாகரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அப்படியே கொண்டுவரக் கூடாது.

நேரம் இன்னொரு பொறி. நெறிமுறையில் எல்லாத் திகதிகளும் உலகப் பொது நேரத்தில் எழுதப்படும். இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. கொழும்பில் உள்ள நிரல் நண்பகல் 12 மணிக்கு அறுவடை செய்து, ‘கடைசியாக எடுத்தது 12:00’ என்று உள்ளூர் நேரத்தையே குறித்துக்கொள்கிறது என்போம். உண்மையில் அது உலக நேரம் காலை 6:30. மறுநாள் ‘12:00க்குப் பிறகு வந்தவை’ என்று கேட்கும்போது இடைப்பட்ட ஐந்தரை மணி நேரம் காணாமற் போகும். இலங்கை நேரத்தில் அது நண்பகலிலிருந்து மாலை 5:30 வரை, நூலக ஊழியர் உட்கார்ந்து பதிவேற்றும் பிற்பகல் முழுவதும். இந்தத் தவறுக்குப் பிழைக்குறி எதுவும் கிடையாது. சொந்தக் கடிகாரத்தை நம்பாமல், ஒவ்வொரு பதிலின் தலையிலும் களஞ்சியமே எழுதியனுப்பும் நேரத்தைக் குறித்து வைத்து, அதிலிருந்து சற்றுப் பின்னோக்கிக் கேட்பதே பாதுகாப்பு. இரண்டு தடவை வந்த பதிவை அடையாள எண் கொண்டு கழித்துவிடலாம். வராத பதிவை எதைக்கொண்டும் கூட்ட முடியாது.

எட்டுக் குறிக்கும் அகப்படாதவை

‘மாங்கேணி’ என்ற சொல்லை யூனிகோடில் பிரித்தால் ம, கால், ங, புள்ளி, க, ஏகாரக் கொம்பு, ண, இகர விசிறி என எட்டுக் குறியீடுகள். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக ஊர்ப் பெயருக்கு 24 பைட். நீளத்தை எழுத்தில் அளக்காமல் பைட்டில் அளந்து வெட்டும் பழைய தரவுத்தளம் 23இல் வெட்டினால், கடைசி விசிறி உடைந்து எக்ஸ்எம்எல்லையே கெடுக்கும். இந்தக் கோளாறையாவது, உடைந்ததைத் தேற்றாமல் கண்டிப்பாகப் படிக்கும் கருவி கண்டுபிடிக்கும்.

பாமினி எழுத்துருவில் தட்டிய பதிவைக் கருவி கண்டுபிடிக்காது. யூனிகோட் பரவும் முன்பு இலங்கைத் தமிழ் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி கோலோச்சியது. அதில் மாங்கேணி என்பது உண்மையில் ஏழு ஆங்கில எழுத்தும் நடுவே ஓர் அரைப்புள்ளியும்தான், அந்த எழுத்துருவைப் போட்டுப் பார்க்கும்போது மட்டும் தமிழாகத் தெரியும். அந்த அரைப்புள்ளி, ‘ங்’ மேலுள்ள புள்ளி. திறவுச்சொற்களை அரைப்புள்ளியால் பிரிக்கும் அட்டவணைக்குள் இந்தப் பெயர் போனால் ஊர் இரண்டாக உடைந்துவிடும். யுடிஎஃப்-8 விதிப்படி எல்லாம் சரி, எக்ஸ்எம்எல் விதிப்படியும் சரி, பதில் 200. பொருள் மட்டும் இல்லை.

எழுத்துக்கூட்டல் இன்னொன்று. கேணியை ஆங்கிலத்தில் எழுதும்போது ஏகாரத்துக்குப் பின்னால் ‘ஆர்’ எழுத்தைச் சேர்ப்பது இலங்கையில் ஊறிப்போன வழக்கம். சேர்க்காதவர்களும் உண்டு. முடிவில் ‘ஐ’ இடுவோரும் ‘ஒய்’ இடுவோரும் உண்டு. ஆழிப்பேரலைக்குப் பிந்திய அறிக்கைகளில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை நிறைய. டப்ளின் கோரில் இடத்துக்கென்றே ‘கவரேஜ்’ என்ற புலம் இருந்தும், அதை நிரப்பாமல் ஊர்ப் பெயரைப் பொழிப்புக்குள் புதைத்துவிடும் பதிவுகளும் உண்டு. இவற்றைப் பிடிக்க அறுவடைக்குப் பின் ஒரு சல்லடை தேவை. தமிழ் என்று குறித்த பதிவில் தமிழ் எழுத்தே இல்லையா? தலைப்பின் நடுவே அரைப்புள்ளியா? இடப் புலம் வெறுமையா? அகப்பட்டதை எறியாமல் தனியே வைத்து, மனிதக் கண்ணுக்கு அனுப்ப வேண்டும். பாமினியை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் நெடுங்காலமாகக் கிடைக்கின்றன.

நான்காவது பொருள், திரும்பப் பெற்றது. நெறிமுறையில் நீக்கப்பட்ட பதிவும் ஒரு பதிவு. தலைப்பகுதியும் ‘நீக்கப்பட்டது’ என்ற நிலையும் மட்டும் வரும். களஞ்சியம் தன் கொள்கையை முன்கூட்டியே மூன்றில் ஒன்றாக அறிவிக்க வேண்டும்: நீக்கத்தை வைத்திருப்பதில்லை, சில காலம் வைத்திருப்போம், என்றும் வைத்திருப்போம். சிக்கிளில் நீக்கப்பட்டவற்றைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லும் வசதி இருக்கிறது. புதிதாகத் திரட்டுவோருக்கு அது வசதி. ஏற்கெனவே திரட்டி வைத்திருப்போருக்கு அபாயம். வாகரைப் பகுதியில் கரையோர வேடர் சமூகத்தினர் வாழ்கிறார்கள். போரில் உறவுகளை இழந்தவர்களும் வாழ்கிறார்கள். தன் குரலையோ படத்தையோ ஒருவர் திரும்பப் பெற்றால், மூலக் களஞ்சியம் நீக்கிய பிறகும் தேடுதளத்தில் அவருடைய பெயரும் விவரமும் நிற்கக் கூடாது. நீக்கச் செய்தியைத் தவறவிடும் நிரல் அவர் சொன்ன ‘வேண்டாம்’ என்பதைக் கேளாமல் விடுகிறது.

1981இல் மூட்டிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. அதன் பிறகு ஈழத்தமிழரின் ஆவணப் பணி முழுவதும், ஒரே இடத்தில் ஒரே பிரதியாக எதையும் விட்டுவைக்கக் கூடாது என்ற உணர்வோடு நடக்கிறது. அறுவடை அதற்கான மலிவான வழிகளில் ஒன்று. ஊர் நூலகத்தின் பட்டியல் பத்து இடங்களில் இருந்தால், மூல வழங்கி அழிந்தாலும் என்னென்ன இருந்தன என்பதாவது தெரியும். அந்தப் பத்து இடங்களும் 640ஐ 1,240 என்று நம்பிக்கொண்டிருந்தால் அந்தக் காப்பு பாதிதான்.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவோ புதிய மென்பொருளோ தேவையில்லை. ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் ஒரு வரி எழுதி வைத்தால் போதும்: கேட்ட நேரம், சொன்ன தொகை, வந்த தொகை, நீக்கப்பட்டவை, சல்லடையில் நின்றவை, கடைசியாக வந்த பிழைக்குறி. அந்த வரியை நிரலாளரின் கணினியிலேயே பூட்டி வைக்காமல் தேடுதளத்தின் முகத்திலும் காட்டலாம். அப்போது மாங்கேணி என்று தட்டும் மாணவி வெற்றுத் திரையைப் பார்க்கமாட்டாள். ‘பொருந்தும் பதிவு கிடைக்கவில்லை. இரண்டு களஞ்சியங்கள் முழுமையாக வந்து சேர்ந்துள்ளன. மூன்றாவதில் 1,240இல் 640 மட்டுமே வந்துள்ளது. மீண்டும் கேட்கிறோம்’ என்ற நான்கு வரிகளைப் பார்ப்பாள். மூன்றாவது களஞ்சியத்தின் முகவரியையும் பக்கத்தில் கொடுத்தால், அன்றே அங்கே நேரில் தேடிப் பார்ப்பாள்.